நான்காம் பந்தி வரை வாசிக்க வைத்தவர்

எமது நிறுவகத்தின் பணிப்பாளர் அவர்களே! மேடைக்கு வரும்படி இரண்டு முறை அழைத்தும் மாணவர்களோடேயே அமர்ந்துகொண்ட பள்ளிவாசல் பேஷ் இமாம் அவர்களே! விரிவுரையாளர்களே, விடுதிக் காப்பாளர்களே, அலுவலகத் தோழர்களே! சம்மாந்துறையிலிருந்தும் ஒலுவிலிலிருந்தும் கல்முனையிலிருந்தும் இந்த வெயிலில் வந்து சேர்ந்திருக்கும் பெற்றோர்களே, பழைய மாணவர்களே! துணையை இழந்து நிற்கும் நண்பர் ஸஹீத் அவர்களே, தாயை இழந்து நிற்கும் மகள் நுஸ்ஹா! உங்கள் அனைவருக்கும் என் ஸலாம், என் வணக்கம்.

என் பெயர் இராசதுரை. பாண்டிருப்பைச் சேர்ந்தவன். கிழக்குக் கரையோர உயர்கல்வி நிறுவகத்தில் மாணவர் விவகாரப் பிரிவின் பிரதிப் பதிவாளராக இருந்து, சென்ற வருடம் ஓய்வு பெற்றவன். பதினேழு வருடங்கள் மர்ஹூமா முஸ்பிறா ஸஹீத் அவர்களின் மேலதிகாரி என்று கடதாசியில் எழுதப்பட்டிருந்தவன்.

கடதாசியில் என்று ஏன் சொல்கிறேன்? அதைச் சொல்லத்தான் இன்று இங்கே வந்தேன்.

சென்ற மாதம் பதினான்காம் திகதி காலை, அலுவலகத்துக்குப் புறப்படும் நேரத்தில், பாலமுனையில் தன் வீட்டு வாசலில் முஸ்பிறா மிஸ் சரிந்து விழுந்தார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மாரடைப்பு அவரை எடுத்துக்கொண்டது. ஐம்பத்தொரு வயது! அடக்கம் நடந்த மையவாடிக்கு வெளியே, மதிலோரம், என்னைப் போன்ற பலர் நின்றோம். எனக்குப் பக்கத்தில் நின்ற மாணவன் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். யார் என்று எனக்குத் தெரியாது. பதினேழு வருடம் மாணவர் விவகாரம் பார்த்த எனக்கு அவன் பெயர் தெரியாது! முஸ்பிறா மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்கும். அவன் பெயர் மட்டுமா? அவன் உம்மாவுக்கு என்ன வருத்தம், எந்தப் பாடத்தில் அவன் பின்தங்கியிருக்கிறான், எல்லாம் தெரிந்திருக்கும்.

மாணவர் நலன்புரி உத்தியோகத்தர் என்பது அவருடைய பதவி. ஆனால் பிள்ளைகள் அவரை அழைத்தது ஸ்கூட்டி மிஸ் என்று. அந்தச் சிவப்பு ஸ்கூட்டி போகாத ஒழுங்கை இந்தக் கரையில் எது?

ஒரு மாரியில் வெள்ளம் வீதியை அறுத்துவிட்டது. விடுதியில் மொனராகலைப் பக்கத்துச் சிங்கள மாணவி ஒருத்திக்கு அம்மை போட்டிருந்தது. பெற்றோர் வர வழியில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும் என்று விடுதியில் பயம். நான் கூட்டம் கூட்டி என்ன செய்யலாம் என்று ஆலோசித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடியுமுன்னர் முஸ்பிறா மிஸ் அந்தப் பிள்ளையை ஓட்டோவில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்! ஐந்து நாட்கள். அந்த ஐந்து நாளும் ஸஹீத், வயசுப் பிள்ளை ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்று, தன் தம்பியின் வீட்டில் போய்த் தங்கினார். நண்பரே, அதை நீங்கள் மறந்திருப்பீர்கள். அந்தப் பிள்ளை மறக்கவில்லை. நேற்று அவள் எழுதிய கடிதத்தைத்தான் பணிப்பாளர் இப்போது வாசித்தார்.

அன்பர்களே! இப்படி இன்னும் நூறு சொல்லலாம். மற்றவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல வேண்டியது வேறொன்று. என்னைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாதது.

மூன்று வருடங்களுக்கு முன்னர் கண்டியில் ஒரு மாநாடு நடந்தது. நாடெங்கும் உள்ள மாணவர் விவகார உத்தியோகத்தர்களுக்கான தொழில்சார் விருத்தி மாநாடு. மூன்று நாட்கள், ஒரு ஹோட்டலில். வருடா வருடம் அதற்கு நான் போவேன். என்னோடு இன்னும் இரண்டு ஆண்கள் போவார்கள். அந்த வருடம்தான் முதல் தடவையாக முஸ்பிறா மிஸ்ஸின் பெயரைப் போட்டேன். பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். எங்கள் நிறுவகத்தில் மாணவர் இடைவிலகல் குறைந்திருந்தது. அதைப் பற்றி ஒரு உரை ஆற்றும்படி கேட்டிருந்தார்கள். தரவுகள் எல்லாம் அவரிடம்தான் இருந்தன.

கணினியில் பன்னிரண்டு திரைகளாக அந்த உரையை நானே தயாரித்தேன். முந்தைய வருடம் முப்பத்தெட்டுப் பேர், அந்த வருடம் பதினொரு பேர். பதினொரு பேரும் இடைவிலகியது சொந்தக் காரணங்களால். அப்படித்தான் பதினோராம் திரையில் எழுதினேன்.

அதைப் பார்த்துவிட்டு அவர் என் அறைக்கு வந்தார்.

"சேர், சொந்தக் காரணம் எண்டு போட ஏலாது."

"ஏன் மிஸ்?"

"இந்தப் பதினொரு புள்ளைகள்ட வீட்டுக்கும் நான் போயிட்டு வந்தன் சேர். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாப் போனன். ஏழு வீட்டுல நம்மட கடிதம்தான் காரணம்."

எந்தக் கடிதம்? ஆறு வாரம் வகுப்புக்கு வராத மாணவருக்கு நாங்கள் அனுப்பும் கடிதம். ஆங்கிலத்தில் ஐந்து பந்திகள். கீழே என் கையெழுத்து.

நான் சொன்னேன்: "அங்க போய் எங்கட குறையச் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது மிஸ். இருக்கிறத வாசிச்சிட்டு வாங்க."

அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மாநாடு தொடங்கியது. முதல் நாள் எங்களை எல்லாம் வட்டமாக நிற்க வைத்து, ஆளுக்கொரு பலூன் தந்து ஊதச் சொன்னார்கள். ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காம்! நாங்கள் வெட்கத்தோடு ஊதிக்கொண்டு நின்றோம். முஸ்பிறா மிஸ் சிரித்துச் சிரித்து மூன்று பலூனை உடைத்தார். நேர முகாமைத்துவம், மன அழுத்த முகாமைத்துவம் என்று ஒவ்வொரு அமர்விலும் முன்வரிசையில் இருந்து குறிப்பெடுத்தார். இடைவேளையில் மற்ற நிறுவகத்துப் பெண்களிடம் போய், "உங்கட இடத்தில வராத புள்ளைகளுக்கு என்ன எழுதுவீங்க?" என்று தெரிந்த சிங்களத்தில் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

இரண்டாம் நாள் காலை, தேநீருக்கு முன், அவருடைய முறை வந்தது. நூற்றுநாற்பது பேர் இருந்த மண்டபம். முதலாம் திரையைக் காட்டினார். எங்கள் நிறுவகத்தின் பெயரைச் சொன்னார். பிறகு திரைகளை மாற்றும் கருவியை மேசையில் வைத்தார். ஒரு கட்டுக் கடதாசியை எடுத்து, எல்லோருக்கும் கொடுக்கும்படி முன்வரிசையிடம் தந்தார்.

என் கைக்கும் ஒன்று வந்தது. எங்கள் கடிதத் தலைப்பு. எங்கள் கடிதம். ஆனால் முழுவதும் தமிழில்!

அவர் ஆங்கிலத்தில் பேசினார். தட்டுத் தடுமாறும் ஆங்கிலம்தான். ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை. "இது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் கடிதம். உங்களுக்கு இரண்டு நிமிடம். நீங்கள் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால், யாராவது கேட்டால் முதல் வரியை மட்டும் சொல்லுங்கள்."

மண்டபத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் பதினைந்து பேர்கூட இல்லை. மற்றவர்கள் கடதாசியைத் திருப்பினார்கள். மேலும் கீழும் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார்கள். இரண்டு நிமிடம் முடிந்தது.

"யாராவது சொல்லுங்கள், என்ன செய்வீர்கள்?"

தென்பகுதி உத்தியோகத்தர் ஒருவர் எழுந்தார். "வீட்டிலேயே இருந்துவிடுவேன். என் பதிவை இரத்துச் செய்கிறார்களாம். இவர் அப்படித்தான் சொன்னார்" என்று பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

முஸ்பிறா மிஸ் சிரிக்கவில்லை. "நான்காம் பந்தியில், பதினான்கு நாட்களுக்குள் நேரில் வந்து காரணத்தைச் சொன்னால் நீங்கள் தொடர்ந்து படிக்கலாம் என்று எழுதியிருக்கிறோம். அந்தப் பந்தி வரை நீங்கள் வரவில்லை. இதே கடிதத்தை ஆங்கிலத்தில், ஆங்கிலம் வாசிக்க ஆள் இல்லாத ஒரு வீட்டுக்கு நாங்கள் அனுப்பினோம். அந்தப் பிள்ளை அப்போது வைத்தியசாலையில், தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் எங்கள் புள்ளிவிபரத்தில் இடைவிலகிய பதினொரு பேரில் ஒருத்தி" என்றார்.

சிரிப்பு எங்கே போனது? சிரித்தவர்கள் கடதாசியை மறுபடி எடுத்து நான்காம் பந்தியைத் தேடினார்கள்!

மூத்த உத்தியோகத்தர் ஒருவர் எழுந்து, "இது மொழிப் பிரச்சினையை இங்கே கொண்டுவருவது" என்று கண்டித்தார்.

"இல்லை சேர், இது கடிதப் பிரச்சினை. சிங்களத் தாய்மாருக்கும் நாங்கள் இதே ஆங்கிலத்தைத்தான் அனுப்புகிறோம்" என்றார் முஸ்பிறா மிஸ். உடனே மலையகப் பக்கத்து நிறுவகமொன்றின் பெண் உத்தியோகத்தர், ஒரு சிங்களப் பெண்மணி, எழுந்து நின்று சொன்னார்: "உண்மை. நானும் அனுப்புகிறேன். எத்தனை பேர் வாசித்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை."

அன்பர்களே! அந்த நேரம் நான் பெருமைப்பட்டிருக்க வேண்டாமா? எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டாமா? எனக்கு வந்தது கோபம். தேநீர் வேளையில் அவரை ஒரு தூணுக்குப் பக்கத்தில் மறித்துக் கேட்டேன்.

"என்ன வேலை மிஸ் செஞ்சீங்க? நான் கையெழுத்துப் போட்ட கடிதம் அது! என்ர முகத்த எங்க கொண்டுபோய் வைக்கிற?"

அவர் என் கையில் இருந்த கடதாசியைச் சுட்டிக்காட்டினார். கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"உங்கட பேர மறைச்சித்தானே சேர் கொப்பி எடுத்தன்" என்றார். "உங்கள ஆரும் ஒண்டும் சொல்லக்கூடா எண்டுதான்."

அதற்கும் என் கோபம் அடங்கவில்லை. மூன்றாம் நாள் பகல் பஸ்ஸில் திரும்பினோம். மகியங்கனையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். எனக்கென்று ஒரு பிளேன்ரீ வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு அவர் அப்பால் போய் இருந்தார். நான் குடிக்கவில்லை.

அத்தோடு விட்டேனா? இல்லை. அந்த வருடம் அவருடைய பதவி உயர்வுக்கான மதிப்பீட்டு அறிக்கையை எழுத வேண்டியவன் நான். அதில் ஒரு வரி எழுதினேன்: மேலதிகாரியின் அறிவுறுத்தலை மீறி நடந்தவர். அந்த ஒரு வரியால் அவருடைய பதவி உயர்வு ஒன்றரை வருடம் தள்ளிப்போனது.

இது பலருக்குத் தெரியாது. ஸஹீத் அவர்களுக்கே தெரியுமோ என்னவோ. இன்று, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். அந்த வரியை எழுதியவன் நான்தான்.

மாநாட்டில் நடந்தது பணிப்பாளரின் காதுக்கு எட்டியது. அந்தப் பதினொரு பேரையும் பற்றி நேரில் பார்த்து அறிக்கை தரும்படி என்னைக் கேட்டார். வேறு வழியில்லாமல் முஸ்பிறா மிஸ்ஸோடு புறப்பட்டேன். "முதல்ல எந்த வீடு?" என்று கேட்டேன்.

"பாண்டிருப்பு, சேர்."

என் ஊர்! கடற்கரைப் பக்கம் மீனவர் குடியிருப்பில் ஒரு வீடு. என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர்கூட இல்லை. அந்த ஒழுங்கையின் முகப்பைத் தாண்டித்தான் ஒவ்வொரு காலையும் நான் அலுவலகத்துக்குப் போனேன். பாலமுனையிலிருந்து அவர் வந்துபோன வீட்டுக்கு, பாண்டிருப்பில் இருந்த நான் போகவில்லை.

தாய் வல்லியம்மை கட்டிலில் இருந்தார். சிறுநீரக வருத்தம், வாரம் இரண்டு முறை மட்டக்களப்புக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். தகப்பன் பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். மகள் கஜேந்தினி வேலைக்குப் போயிருந்தாள். ஆடைத் தொழிற்சாலையில்.

"அண்ணே, கடிதம் வந்த அண்டைக்கு என்ன நடந்த எண்டு இவருக்கும் ஒருக்காச் சொல்லுங்க" என்றார் முஸ்பிறா மிஸ்.

"தாயும் மகளும் ஆசுபத்திரியில. நான் தனிய" என்றார் தகப்பன். "கடதாசியப் போட்டோ கொப்பி அடிக்கிற கொமினிகேசன் கடையில காட்டினன். மகள்ட பேர வெட்டிப்போட்டாங்க எண்டு சொன்னாங்க. தாய் சாகக் கிடக்கக்குள்ள இதையும் எப்பிடிப் புள்ளைக்குச் சொல்லுற? மடிச்சிச் சாமிப் படத்துக்குப் பின்னால வச்சிட்டன். ரெண்டு மாசம் கழிச்சித்தான் சொன்னன். நான்தான் ஐயா புள்ளட படிப்பக் கெடுத்தன்."

"இல்ல அண்ணே. நீங்க இல்ல" என்றார் முஸ்பிறா மிஸ். அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை!

நான் சொன்னேன்: "அந்தக் கடிதத்தில கையெழுத்துப் போட்டது நான்தான்."

அந்த மனிதர் என்னை ஏசியிருக்கலாம். உள்ளே போய்க் கடதாசியை எடுத்து வந்து என் கையில் தந்தார். "அப்ப நீங்க வாசிச்சுச் சொல்லுங்க ஐயா. அதில என்ன எழுதியிரிக்கி?"

நான் வாசித்தேன். நானே எழுதிய ஆங்கிலத்தை, அந்த முற்றத்தில் நின்று, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். முதலாம் பந்தி. இரண்டாம் பந்தி. மூன்றாம் பந்தி. நான்காம் பந்தி வந்தது. நாள் கடந்த பிறகு நோகவைக்க வேண்டாமென்று முஸ்பிறா மிஸ்கூட அவரிடம் சொல்லாமல் விட்டிருந்த பந்தி. சொன்னேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்ப... வரலாம் எண்டா எழுதியிருந்த?"

ஓம் என்றேன். உள்ளே கட்டிலில் வல்லியம்மை விம்மி அழும் சத்தம் கேட்டது. முஸ்பிறா மிஸ் எழுந்து அவரிடம் போனார்.

அன்று திரும்பும்போது, "மிஸ், அடுத்தது எந்த வீடு?" என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னார். போனோம். பதினொரு வீட்டுக்கும் போனோம்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் கடிதம் இன்று இல்லை. அதற்குப் பதிலாக முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு. பிறகு ஒரு நேரடி வருகை. அதற்கும் பிறகுதான் கடிதம். அதுவும் வீட்டு மொழியில், வந்து கதையுங்கள் என்ற வரியோடு தொடங்கும் கடிதம். இன்று நாட்டில் இன்னும் நான்கு நிறுவகங்கள் அதைப் பின்பற்றுகின்றன. ஒரு மாநாட்டில் இரண்டு நிமிடம், ஒரு கட்டுக் கடதாசி! அவர் செய்தது அவ்வளவுதான். அவ்வளவையும் செய்ய எத்தனை துணிவு வேண்டும்?

பதினொரு பேரில் ஆறு பேர் திரும்பி வந்தார்கள். ஐந்து பேர் வரவில்லை. ஒருவன் கட்டாரில் இருக்கிறான். இருவருக்குத் திருமணமாகிவிட்டது. மற்ற இருவரும், வேண்டாம் சேர், மனம் விட்டுப்போச்சு என்றார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் சொன்னால் முஸ்பிறா மிஸ்ஸே கோபிப்பார். கஜேந்தினி சென்ற வருடம் பட்டம் பெற்றாள். அதோ ஐந்தாவது வரிசையில், தாயை அணைத்துக்கொண்டு இருக்கிறாள்.

நான் எழுதிய அந்த வரியை நீக்கும்படி நானே நிருவாகத்துக்கு எழுதினேன். எழுத ஒரு நாள். அது நீக்கப்பட ஒன்றரை வருடம். பதவி உயர்வுக் கடிதம் வந்த அன்று அவருடைய மேசைக்குப் போனேன்.

"மிஸ், என்ன மன்னிச்சிருங்க. அப்பிடி எழுதியிருக்கக்கூடா."

அவர் சிரித்தார். "ஏன் சேர்? உண்மையத்தானே எழுதியிரிக்கீங்க. நான் மீறினன்தானே!"

இப்படி ஒருவரை இனி எங்கே தேடுவோம்? வஞ்சம் வைக்கத் தெரியாத மனம்! அச்சம் வைக்கத் தெரியாத நாக்கு! படைத்தவனிடம் அவர் திரும்பிப் போய்விட்டார். உங்கள் துஆக்களில் அவருக்காகக் கேளுங்கள். என் பிரார்த்தனையில் நானும் கேட்கிறேன். அவர் நிம்மதியாக உறங்கட்டும். நமக்கு உறங்க நேரமில்லை.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? மகள் நுஸ்ஹா தன் உம்மாவின் தொலைபேசியை இன்னும் நிறுத்தவில்லை. செய்தி தெரியாத பிள்ளைகள் அழைக்கிறார்கள். ஒவ்வொரு அழைப்பையும் அவள் எடுக்கிறாள். ஒவ்வொருவருக்கும் சொல்கிறாள். அது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள்! மூன்று நாட்களுக்கு முன்னர் சம்மாந்துறையிலிருந்து முதலாம் வருட மாணவி ஒருத்தி அழைத்தாள். "மிஸ், நான் அஞ்சு கிழமையா வரல்ல. இனி வர ஏலுமா எண்டு தெரியா" என்றாளாம். உம்மா மௌத்தாகிவிட்டார் என்று நுஸ்ஹா சொன்னாள். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே தொலைபேசியை வைக்கப் போனாள். "வைக்காதீங்க, அட்ரஸ்ஸச் சொல்லுங்க" என்று கேட்டு எழுதி, நுஸ்ஹா அதை என்னிடம் தந்தாள்.

நான் ஓய்வு பெற்றவன். எனக்கு இனி அதிகாரமில்லை, கையெழுத்துமில்லை. கால் இருக்கிறது. முஸ்பிறா மிஸ் போன வீடுகளுக்கு, போக இருந்த வீடுகளுக்கு, என் உடம்பு இடம் தரும்வரை போவேன் என்று இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். பணிப்பாளர் வேன் தருவதாகச் சொல்லியிருக்கிறார். விடுதிக் காப்பாளர் கிருசாந்தி வருகிறார். நுஸ்ஹாவும் வருகிறாள்.

நாளை காலை எட்டு மணிக்குச் சம்மாந்துறைக்குப் புறப்படுகிறோம். வேனில் இன்னும் ஐந்து பேருக்கு இடம் இருக்கிறது.

யார் வருகிறீர்கள்?